மூன்று கம்பெனிக்கு ஒரு ரிட்டர்ன்

அக்டோபர் 16, புதன்

இன்று ஆடிட்டர் ஹரிஹரனை நிறுத்திவிட்டேன். எங்கள் கம்பெனிகளைச் சேர்த்து நியூஜெர்சி மாநிலத்துக்கு ஒரே ரிட்டர்னாகப் போடப் பன்னிரண்டாயிரத்து ஐந்நூறு டாலர் கேட்டார். போன வருடம் ஏழாயிரம். என்ன கூடிவிட்டது என்று கேட்டேன். "வேலை கூடியிருக்கு சார்" என்றார். அதே கம்பெனிகள், அதே நான், அதே அவர். காரை மட்டும் மாற்றியிருக்கிறார்.

இருபத்திரண்டு வருடத்துக்கு முன் இதே எடிசன் நகரில் ஒரு குஜராத்திக்காரர் கடையில் மூட்டை இறக்கியவன் நான். கப்பல் நடுக்கடலில் இருக்கும்போதே ஒரு கிலோ கருப்பட்டியில் எத்தனை சென்ட் நிற்கும் என்று சொல்லிவிடுவேன். எனக்கு ஒரு ரிட்டர்ன் போடத் தெரியாதா? கம்பெனி வரிக்கென்றே விற்கும் சாஃப்ட்வேர் ஒன்றை ஆயிரத்து நூற்றைம்பது டாலருக்கு வாங்கிவிட்டேன். மிச்சம் பதினோராயிரத்து முந்நூற்றைம்பது.

மத்திய அரசுக்கு ஒவ்வொரு கம்பெனிக்கும் தனித்தனி ரிட்டர்ன். அதை நேற்றோடு ஹரிஹரன் முடித்துக் கொடுத்துவிட்டார். மாநிலத்துக்கு அப்படி இல்லை. ஒரே கூட்டத்தார் கையில் பாதிக்கு மேல் இருக்கிற, ஒன்றை ஒன்று நம்பி நடக்கிற கம்பெனிகளை எல்லாம் ஒரே இலையில் பரிமாற வேண்டும். கெடு நவம்பர் 15. முப்பது நாள் இருக்கிறது. எனக்கு மூன்று நாள் போதும்.

அக்டோபர் 17, வியாழன்

சாஃப்ட்வேர் திறந்ததும் கேட்ட முதல் கேள்வி: இந்தக் கூட்டத்துக்குத் தலைமைக் கம்பெனி எது? இது ஒரு கேள்வியா? உடன்குடி இம்போர்ட்ஸ் என்று அடித்தேன். என்னுடையது. முதலில் தொடங்கியது. மற்ற இரண்டும் அதன் வயிற்றில் பிறந்தவை.

இரண்டாவது சுயம்பு ஃபுட்ஸ். இட்லி மாவு, தோசை மாவு, அடை மாவு. முழுப் பங்கும் என் மனைவி சுயம்புக்கனி பெயரில். என் முதல் கடை நொடித்து எந்த வங்கியும் என் முகத்தைப் பார்க்காத காலத்தில், பேருக்கு அவளைப் போட்டுத் தொடங்கினேன். மூன்றாவது ராமதுரை டிரக்கிங். முழுப் பங்கும் தம்பி ராமதுரை பெயரில். லாரி ஓட்டும் லைசென்ஸ் அவனிடம்தான் இருந்தது. அதுவும் பேருக்குத்தான். பணம் போட்டது நான்.

எங்கள் ஊர்ப்பக்கம் எல்லோரும் இப்படித்தான் செய்வோம். பலசரக்குக் கடை அண்ணன் பெயரில், மில் அம்மா பெயரில், இடம் மச்சினன் பெயரில். கல்லாப்பெட்டி ஒருவன் கையில்.

அக்டோபர் 20, ஞாயிறு

காலையில் முற்றத்து இலைகளை வாரிப் பதினோரு பை கட்டினேன். மத்தியானம் சாஃப்ட்வேர்.

மத்திய ரிட்டர்ன் கோப்புகளை உள்ளே இழுத்தால் பெயர், முகவரி எல்லாம் தானே வந்து உட்காருகிறது. வசதிதான். சுயம்பு ஃபுட்ஸ் தலைவர் என்ற இடத்தில் சுயம்புவின் பெயர் வந்தது. அவளுடைய வீட்டு முகவரி என்ற இடத்தில் மாவுக் கம்பெனியின் முகவரி வந்தது. தப்பு என்று நினைத்து நம் வீட்டு முகவரியை அடித்தேன். "கையொப்பமிட்டவர் தந்த முகவரிக்கு முரண்" என்று சிவப்பில் காட்டியது. மறுபடி அடித்தேன். மறுபடி சிவப்பு.

அரைவை அதிகாலை மூன்று மணிக்குத் தொடங்குகிறது. கம்பெனி மாடியில் ஓர் அறை இருக்கிறது. ஜூலையிலிருந்து அங்கேயே தங்கிக்கொள்கிறாள், போக வர வீண் அலைச்சல் இல்லை. அதற்காக அரசாங்கத்துக்குக் கொடுக்கிற தாளில் முகவரியை மாற்ற வேண்டுமா? ஹரிஹரனாவது என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஏழாயிரம் வாங்கினாரே, எதற்கு?

அக்டோபர் 21, திங்கள்

அப்பளக் கன்டெய்னர் துறைமுகத்திலேயே நிற்கிறது. நாளுக்கு நாள் வாடகை ஏறுகிறது. குளிர் வருகிறது என்று சுயம்பு ஆள் அனுப்பி மிச்சமிருந்த ஸ்வெட்டர்களையும் எடுத்துக்கொண்டாள்.

அக்டோபர் 23, புதன்

மூன்று கம்பெனி எண்களும் ஏறிவிட்டன.

மாவு: லாபம் நான்கு லட்சத்துப் பன்னிரண்டாயிரம். இம்போர்ட்ஸ்: லாபம் முப்பத்தெட்டாயிரம். டிரக்கிங்: நஷ்டம் இரண்டு லட்சத்துத் தொண்ணூற்றேழாயிரம். இரண்டு லாரிக்கு இன்ஜின் போனது, இன்ஷூரன்ஸ் ஏறியது, டீசல் ஏறியது.

சேர்த்துப் போடுவதில் உள்ள ருசியே இதுதான். ஒரு கம்பெனியின் நஷ்டம் இன்னொன்றின் லாபத்தைத் தின்னும். மூன்றையும் சேர்த்தால் நிற்பது ஒரு லட்சத்து ஐம்பத்து மூன்றாயிரம். ஒன்பது சதவீதம் வரி என்றால் பதின்மூவாயிரத்து எழுநூற்று எழுபது. மே மாதம் கெடு நீட்டிக்க எழுதியபோதே இதை மனக்கணக்காகப் போட்டுப் பதினாலாயிரம் கட்டிவிட்டேன். நஷ்டத்தை இப்படிக் கழிக்கலாம் என்று வியாபாரச் சங்கக் கூட்டத்தில் ஒருவர் சொன்னதை ஒரு காதில் வாங்கி வைத்திருந்தேன். இருநூற்று முப்பது டாலர் அவர்கள்தான் எனக்குத் திருப்பித் தர வேண்டும்.

மாவில் நான்கு லட்சம் நின்றிருக்கிறது என்று இன்றுதான் ஒரே வரியில் பார்க்கிறேன். நான் இருபது வருடமாக இம்போர்ட்ஸில் புரண்டு நிற்பது முப்பத்தெட்டாயிரம். அரிசியும் உளுந்தும் நான் இறக்கித் தருவதால்தான் அவளுக்கு இந்த லாபம். அதையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

அக்டோபர் 25, வெள்ளி

வேலை அப்படியே நின்றுவிட்டது.

ராமதுரை டிரக்கிங்கை சாஃப்ட்வேர் கூட்டத்தில் சேர்க்க மறுக்கிறது. "பொது உரிமை நிரூபிக்கப்படவில்லை." உடைமையாளர் உறவுமுறை என்ற பட்டியலைத் திறந்தேன். மனைவி அல்லது கணவன். மகன், மகள். பேரப்பிள்ளை. தாய், தகப்பன். அதோடு பட்டியல் முடிந்தது. தம்பி இல்லை. கீழே இழுத்தேன், மேலே இழுத்தேன். இல்லை.

உதவி எண்ணுக்குப் போன் போட்டேன். ஐம்பது நிமிடம் பியானோ கேட்க வைத்தார்கள். பிறகு பிரெண்டா என்ற அம்மாள் வந்தாள். "இவன் என் கூடப்பிறந்த தம்பி" என்றேன். "நல்லது ஐயா, ஆனால் சட்டத்தின் கண்ணில் உடன்பிறந்தவரின் பங்கு உங்கள் பங்கு ஆகாது" என்றாள். மனைவி பங்கு மட்டும் எப்படி ஆகும் என்று கேட்டேன். "மனைவியின் பங்கை நீங்களே வைத்திருப்பதாக எடுத்துக்கொள்வார்கள் ஐயா. சட்டப்படி பிரிந்திருந்தால் மட்டும் கிடையாது." "எங்கள் ஊரில் தம்பிதான் முதலில், மற்றவர்கள் எல்லாம் பிறகு" என்றேன். விசைப்பலகையைத் தட்டுகிற சத்தம் கேட்டது. "அதற்கு எங்களிடம் பெட்டி இல்லை ஐயா" என்றாள்.

என்ன நாடு இது? என் அப்பா செத்தபோது ராமதுரைக்கு ஒன்பது வயது. அவனுக்குக் கால்சட்டை தைத்துப் போட்டவன் நான். பள்ளியில் சேர்த்தவன் நான். விசா எடுத்து இங்கே கூட்டி வந்தவன் நான். அவன் குடும்பம் இல்லையாம். நேற்று வந்த ஒரு சாஃப்ட்வேர் எனக்குச் சொல்லுகிறது.

சுயம்புவுக்கான பெட்டியில் "சட்டப்படி பிரிந்தவரா?" என்று கேட்டது. இல்லை என்று டிக் செய்தேன். சேமிக்கும்போது மறுபடி கேட்டது. டிக் செய்தேன். அடுத்த பக்கம் போகும்போது மூன்றாவது தடவை கேட்டது. எத்தனை தடவைதான் சொல்லுவது.

அக்டோபர் 26, சனி

ஹரிஹரன் போட்ட பழைய ரிட்டர்ன்களை எடுத்துப் பார்த்தேன். ஐந்து வருடமாக இம்போர்ட்ஸும் மாவும் மட்டும்தான். தம்பி எதிலும் இல்லை. ஒவ்வொன்றிலும் என் கையெழுத்து இருக்கிறது. படிக்காமல் போட்டிருக்கிறேன். சுயம்பு போட வேண்டிய தாளை வீட்டுக்குக் கொண்டுபோய் அடுப்படியில் நீட்டுவேன். கையைத் துடைத்துவிட்டு, விரல் வைத்துக் காட்டிய இடத்தில் போடுவாள்.

டிரக்கிங் இல்லாமல் போட்டுப் பார்த்தேன். வரி நாற்பதாயிரத்து ஐந்நூறு. கட்டியது போக இன்னும் இருபத்தாறாயிரத்து ஐந்நூறு. வட்டியும் அபராதமும் தனி.

அக்டோபர் 29, செவ்வாய்

வழி கண்டுபிடித்துவிட்டேன். டிரக்கிங்கில் ஐம்பத்தொரு சதவீதப் பங்கை ராமதுரை எனக்கு எழுதித் தர வேண்டும். தேதி போன வருடம் ஜனவரி ஒன்று. ஒரு தாள், இரண்டு கையெழுத்து. உண்மையில் பணம் போட்டது நான்தானே, இதில் பொய் எங்கே இருக்கிறது? பல வருடம் முன்பே எழுதியிருக்க வேண்டியதைக் கொஞ்சம் பிந்தி எழுதுகிறேன்.

தீபாவளி ஆர்டர். இன்று மட்டும் முறுக்கு மாவு நூற்று அறுபது பெட்டி போனது.

அக்டோபர் 31, வியாழன்

தீபாவளி. எண்ணெய் தேய்த்துக் குளித்தேன். சுயம்புவுக்கு வேலை அதிகம், வர முடியவில்லை. அப்பளக் கன்டெய்னர் வந்துவிட்டது.

நவம்பர் 2, சனி

ராமதுரை என் சரக்குக் கிட்டங்கிக்கு வந்தான். நடந்ததை அப்படியே எழுதுகிறேன், பிற்பாடு யாரும் மாற்றிப் பேச முடியாதபடி.

தாளை எடுத்து நீட்டினேன். நின்றபடியே வாசித்தான். இரண்டு தடவை வாசித்தான். என் தம்பி எதையும் இரண்டு தடவை வாசித்து நான் பார்த்ததில்லை.

"அண்ணே, இதுல தேதி போன வருசம்லா போட்டிருக்கு?"

"ஆமா. அப்பத்தான் கணக்குக்குச் சரிவரும். போடுல."

"அம்பத்தொண்ணு உங்களுக்குன்னா வண்டி யாருது?"

"இது என்னல கேள்வி? வண்டி நம்மளுது."

"நம்மளுதுன்னு தாள்ல இல்லையே. லிங்கதுரைன்னு உங்க பேருல்லா இருக்கு."

கோபம் வந்துவிட்டது. "பணம் யாரு போட்டா?" என்று கேட்டேன்.

"பணம் நீங்க போட்டிய. பதினோரு வருசம் ஓட்டுனது யாரு? பனியில, மழையில, பிட்ஸ்பர்க் ரோட்டுல ரெண்டு நாள் வண்டிக்குள்ளயே கெடந்தது யாரு? சம்பளம்னு கேட்டிருக்கேனா? சாப்பாட்டுக்கும் வாடகைக்கும் தந்திய, வாங்கிக்கிட்டேன். வண்டி உன் பேர்லதான இருக்குல, உனக்குத்தான்லன்னு நீங்கதான் சொன்னிய."

"அது பேருக்குச் சொன்னதுல."

"எல்லாமே உங்களுக்குப் பேருக்குத்தான். மதினி கம்பெனியும் பேருக்குத்தான் எழுதுனிய. இப்ப அங்க போயி ஒரு மூட்டைய நீங்களா எறக்கிர முடியுமா? மதினி கேட்டுட்டுத்தான் கதவைத் தொறக்கச் சொல்லுது."

"ஏலே, அவ பேச்சை எடுக்காத."

"நான் எடுக்கலண்ணே. கள்ளத்தேதி போட்டு மாட்டுனா லைசென்ஸ் போகும். வேற தொழில் எனக்குத் தெரியாது. நீங்க எத வேணும்னாலும் பண்ணிக்கிடுவிய. என்னால முடியாது."

தாளை மேசையில் வைத்து, காற்றில் பறக்காமல் இருக்க அதன் மேல் ஸ்டேப்ளரையும் வைத்துவிட்டுப் போனான். கால்சட்டை தைத்துப் போட்ட கை இது. ஸ்டேப்ளர் வைக்கிறான்.

நவம்பர் 3, ஞாயிறு

இந்த நாட்டு வழக்கப்படி குளிர்காலத்துக்காகக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் திருப்பினேன். எனக்கு அந்த ஒரு மணி நேரமும் எதற்கும் உதவவில்லை.

நவம்பர் 4, திங்கள்

சரி, இரண்டு கம்பெனி மட்டும் என்றே போட உட்கார்ந்தேன். கட்டித் தொலைப்போம் என்று.

இப்போது புதுத் தொல்லை. கூட்டத்துக்குள் ஒரு கம்பெனி இன்னொன்றுக்குத் தர வேண்டியதை இரண்டு பக்கமும் காட்ட வேண்டும். இரண்டும் சமமாக இருந்தால்தான் ஒன்றோடு ஒன்றைக் கழித்துவிட்டு அடுத்த பக்கம் திறக்கும். மாவுக் கம்பெனியின் புத்தகத்தில் "உடன்குடி இம்போர்ட்ஸுக்குத் தந்த சரக்கு முன்பணம்: ஒரு லட்சத்து எண்பத்தாறாயிரத்து நானூறு" என்று இருக்கிறது. இம்போர்ட்ஸ் புத்தகத்தில் பூஜ்யம். சிவப்பு முக்கோணம் ஒன்று நடுவில் நின்றுகொண்டு நகர மாட்டேன் என்கிறது.

ஏன் சமமாக இல்லை என்று எனக்குத் தெரியும். இன்று எழுதப் பிடிக்கவில்லை.

நவம்பர் 6, புதன்

எழுதிவிடுகிறேன். என் நோட்டில் நானே எழுத என்ன கூச்சம்.

மாவுக் கம்பெனியின் வங்கிக் கணக்கில் நானும் கையெழுத்துப் போடலாம். போன வருடம் லாரிக்கு இன்ஜின், பிறகு இன்ஷூரன்ஸ், பிறகு நிலுவைத் தவணை என்று ஒன்பது தடவை அங்கிருந்து எடுத்து டிரக்கிங்குக்குக் கொடுத்தேன். தம்பிக்கு என்று எழுதினால் சுயம்பு கேட்பாள். அரிசி உளுந்துக்கு முன்பணம் என்று என் கம்பெனி பெயரில் எழுத வைத்தேன். பணம் என் கம்பெனிக்கு வரவே இல்லை, ஆகவே என் புத்தகத்தில் அது இல்லை. டிரக்கிங்கும் கூட்டத்துக்குள் வந்திருந்தால் மூன்றையும் உருட்டிச் சமமாக்கியிருப்பேன்.

ஹரிஹரன் கேட்ட கூடுதல் வேலை இதுதான். "சார், இந்த முன்பணத்துக்குச் சரக்கு வந்த மாதிரியே தெரியல. மேடத்துகிட்ட ஒருதரம் கேட்டுக்கட்டுமா?" என்று சொன்னார். மறுநாள்தான் அவரை நிறுத்தினேன். கூலி அதிகம் என்பதும் உண்மை.

அவளிடம் கேட்டிருக்கலாம். கேட்டால் தரமாட்டாள் என்று தெரியும். தரமாட்டாள் என்று தெரிந்த இடத்தில் எதற்குக் கேட்பது என்றுதான் நினைத்தேன். குடும்பத்துக்குள் எடுத்தது திருட்டு ஆகாது என்று அன்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். அது எந்தக் குடும்பம் என்று இப்போது சாஃப்ட்வேர் கேட்கிறது.

நவம்பர் 8, வெள்ளி

முக்கோணத்தின் பக்கத்தில் "முரண்பாட்டைத் தீர்க்க" என்று ஒரு பொத்தான் இருந்தது. தீர்த்துத் தருமாக்கும் என்று அமுக்கினேன். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை, அந்தத் தொகையையும் இரு கம்பெனியின் கணக்குச் சுருக்கத்தையும் உறவுமுறைப் பக்கத்தையும் ஒன்பது தடவை போன தேதிகளையும் கோத்து, "தயவுசெய்து சரிபார்த்து உறுதி செய்யவும்" என்று சுயம்புவின் மின்னஞ்சலுக்கு அனுப்பிவிட்டது.

பிரெண்டாவுக்குப் போன் போட்டேன். அனுப்பியதைத் திரும்பப் பிடிக்க முடியுமா என்றேன். "அதுதான் இந்தச் சாஃப்ட்வேரின் சிறப்பு ஐயா, யாரும் நடுவில் மாற்ற முடியாது" என்றாள். பெருமையாக வேறு சொல்லுகிறாள். ஆயிரத்து நூற்றைம்பது டாலர் கொடுத்து என் வீட்டுக்கு நானே தீ வாங்கியிருக்கிறேன். ஹரிஹரன் கேட்ட பன்னிரண்டாயிரத்து ஐந்நூறைக் கொடுத்திருந்தால், அவளிடம் கேட்காதே என்று அவரையாவது தடுத்திருக்கலாம்.

நவம்பர் 9, சனி

பதில் இல்லை.

நவம்பர் 10, ஞாயிறு

பதில் இல்லை. "பெறுநர் திறந்து பார்த்தார்: 14 முறை" என்று சாஃப்ட்வேர் காட்டுகிறது.

நவம்பர் 11, திங்கள்

சுயம்பு போன் செய்தாள். "புதன்கிழமை பதினோரு மணிக்கு வாங்க. அதுக்கு முன்ன அரைவை இருக்கு" என்றாள். வைத்துவிட்டாள். எனக்கு நேரம் குறித்துக் கொடுக்கிறாள், உளுந்து புரோக்கருக்குக் கொடுக்கிற மாதிரி.

நவம்பர் 13, புதன்

பதினொன்றுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போதே போனேன். வாசலில் இருந்த பெண் தலைக்கு வலைத்தொப்பி கொடுத்துவிட்டுத்தான் உள்ளே விட்டாள். அந்த இடத்துக்கு வாடகை பேசி முடித்தவன் நான்.

சுயம்பு எஃகு மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தாள். முழுவதையும் அச்செடுத்து வைத்திருந்தாள். பென்சிலால் கோடு போட்டிருந்தாள்.

"நூத்தி எம்பத்தாறாயிரத்து நானூறு. எத்தன பாக்கெட் மாவுன்னு தெரியுமா உங்களுக்கு?"

தலையில் வலைத்தொப்பியைச் சரிசெய்தேன்.

"பாக்கெட்டு மூணு டாலர் இருவது சென்ட்டுக்குக் கடைக்குப் போடுதேன். அம்பத்தெட்டாயிரத்து எரநூத்தி அம்பது பாக்கெட். நான் அரைச்சது."

"லாரி நின்னிருந்தா உன் மாவும்தான் கடைக்குப் போயிருக்காது சுயம்பு."

"அத எங்கிட்ட சொல்லிருந்தா நானே குடுத்திருப்பேன்."

"குடுத்திருக்க மாட்ட."

"குடுத்திருக்க மாட்டேன். வாடகை வண்டி வச்சிருப்பேன். அதுவும் சரியாத்தான் இருந்திருக்கும்." ரசீதுக் கட்டை என் பக்கம் தள்ளினாள். "நானும் ஏப்ரல்லருந்து தேடுதேன். முன்பணம் குடுத்த அரிசி எங்கன்னு. மூட்டைய எண்ணிப் பாத்தேன், ரசீத எண்ணிப் பாத்தேன். ஜூன்ல உங்ககிட்டயே கேட்டேன். என்ன சொன்னிய?"

என்ன சொன்னேன் என்று எனக்கு நினைவிருக்கிறது. உனக்கு இதெல்லாம் புரியாது என்று சொன்னேன். ஜூலை முதல் தேதி அவள் கம்பெனி மாடிக்குப் போனாள். அரைவைக்கு வசதி என்று நான்தான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

தாளைப் புரட்டி ஒரு பெட்டியில் பென்சிலை வைத்தாள். "இதுல ஒண்ணு கேட்டிருக்கு. புருசன் பொண்டாட்டி சட்டப்படி பிரிஞ்சவங்களான்னு. நீங்க இல்லன்னு டிக் பண்ணிருக்கிய."

"இல்லதான?"

"எங்கிட்ட கேட்டியளா?"

"இதப் போயி..."

"அதயும் கேக்காமத்தான் போட்டிருக்கிய."

மூன்று தடவை போட்டிருந்தேன்.

"வக்கீலம்மாகிட்ட போயி வெசாரிச்சேன்" என்றாள். "அந்தப் பெட்டிய மாத்த எத்தன மாசம் ஆகும், எவ்வளவு ஆகும்னு. எல்லாம் எழுதித் தந்திருக்கா."

மாவு மிஷின்கள் நின்றிருந்தன. யாரோ தண்ணீர் பீய்ச்சித் தரையைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். எத்தனையோ பேரிடம் பேரம் பேசியிருக்கிறேன். துறைமுகத்தில், வங்கியில், கோர்ட் வராந்தாவில். எதிராளிக்கு எது வேண்டும் என்று ஐந்தாவது நிமிடத்தில் தெரிந்துவிடும். இவளுக்கு என்ன வேண்டும் என்று இருபத்தாறு வருடத்தில் நான் பார்த்தது கிடையாது என்பது அப்போதுதான் உறைத்தது.

"மாத்தப் போறியா?" என்று கேட்டேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

"கணக்க மொதல்ல பேசுவோம். நாளன்னைக்கு கெடு."

"தம்பி தாள் ஒண்ணு எழுதிருந்தேன்..."

"தெரியும். கொழுந்தன் வந்து சொல்லிட்டுத்தான் போனாவ. அந்தத் தாள கிழிச்சாச்சா?"

"இன்னும் இல்ல."

"கிழிச்சு எனக்கு போட்டோ அனுப்புங்க. அதுக்கப்புறம்தான் கையெழுத்து."

வீட்டுக்கு வந்து கிழித்தேன். போட்டோ அனுப்பினேன். "இன்னும் சின்னதா கிழிங்க" என்று பதில் வந்தது.

நவம்பர் 15, வெள்ளி

அந்த முன்பணத்தை இம்போர்ட்ஸ் புத்தகத்திலும் கடனாக ஏற்றியதும் சிவப்பு முக்கோணம் மறைந்தது, ரிட்டர்ன் போய்விட்டது. காலை பத்து நாற்பதுக்கு ஏற்றுக்கொண்டதாகச் செய்தி வந்தது.

அதற்கு முன் எட்டு மணியிலிருந்து அதே எஃகு மேசையில் சுயம்புவோடு உட்கார்ந்து பேசி முடித்தேன். நான் வட்டியே வேண்டாம் என்றேன், குடும்பத்துக்குள் என்ன வட்டி என்று. அவள் எட்டு என்றாள். நான் நாலு என்றேன். "பேங்குல போயி நாலுக்கு வாங்கிட்டு வாங்க, நானும் வாங்கிக்கிடுதேன்" என்றாள். தவணை அவள் முப்பத்தாறு மாதம் கேட்டாள், நான் அறுபது. நான் எழுந்து நின்றேன், போகிறவன் மாதிரி. இந்த வித்தையில் தூத்துக்குடி மொத்த வியாபாரிகளே விழுந்திருக்கிறார்கள். அவள் பென்சிலைச் சீவிக்கொண்டிருந்தாள். மறுபடி உட்கார்ந்தேன்.

அந்தப் பெட்டியைப் பற்றி நானாகவே கேட்டேன். கேட்டுவிட்டுத்தான் போட வேண்டும் என்று. "சுயம்பு, இதுல என்ன போட?" என்றேன். திரையைத் தன் பக்கம் திருப்பிப் படித்தாள். "இந்த வருசத்துக்கு இல்லன்னு போடுங்க. அடுத்த வருசம் மறுபடி கேளுங்க" என்றாள். போட்டேன். சாஃப்ட்வேர் மறுபடி கேட்கும்போதும் அவளைப் பார்த்துவிட்டுத்தான் போட்டேன்.

சரி, முடிவான நிபந்தனைகள். இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டு ஆளுக்கு ஒரு பிரதி.

கூட்டத்தில் இரண்டு கம்பெனி மட்டும். தலைமைக் கம்பெனி சுயம்பு ஃபுட்ஸ். வரி நாற்பதாயிரத்து ஐந்நூறு. பாக்கி இருபத்தாறாயிரத்து ஐந்நூறும் அதன் வட்டியும் அபராதமும் இம்போர்ட்ஸ் கட்ட வேண்டும், ஏனென்றால் மே மாதம் தப்பாகக் கணக்குப் போட்டது நான். மாவுக் கம்பெனி வங்கிக் கணக்கில் என் கையெழுத்து இன்றோடு நீக்கப்படும். ராமதுரை வண்டிக்கு வெளியார் வண்டிக்குத் தருகிற அதே கூலி, கூடவும் இல்லை குறையவும் இல்லை. அவன் எனக்குத் தர வேண்டியது அவனுக்கும் எனக்கும் உள்ள விஷயம்.

நான் அவளுக்குத் தர வேண்டியது ஒரு லட்சத்து எண்பத்தாறாயிரத்து நானூறு டாலர். வட்டி ஆறு சதவீதம். நாற்பத்தெட்டு மாதம், மாதம் நாலாயிரத்து முந்நூற்று எழுபத்தெட்டு. ஒவ்வொரு மாதமும் ஐந்தாம் தேதி காசோலையாக. தபாலில் அனுப்பக் கூடாது, வங்கி வழியாகப் போடக் கூடாது, ஆள் மூலம் கொடுத்துவிடக் கூடாது. நானே நேரில் வந்து அவள் கையில் தர வேண்டும்.